என் தப்பாக இருக்கட்டும்

என் நாத்தனாரைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள எனக்குச் சாக்கு எதுவும் தேவையில்லை. கேட்கிறவர்கள் நீங்கள் நல்ல பிள்ளைகள் என்பதால் இன்று வெறும் பெருமை பேசாமல், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் அந்த வீட்டுக்கு வாழப்போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான், காய்ச்சலில் கிடந்தால் பக்கத்தில் படுத்தது நான். இப்போது அவளுக்கு ஐம்பத்துநான்கு, இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். என் வீட்டுக்காரர் தன் தங்கையை இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். பாப்பாவுக்கு மூட்டுவலி, மூக்குக்கண்ணாடி, கொஞ்சம் முன்கோபம் எல்லாம் உண்டு.

வேலை, பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில். நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்டால் உடம்பிலிருந்து ஒரு துணுக்குச் சதையை வெட்டி எடுக்கிறார்கள் இல்லையா, அது அவள் மேசைக்கு வரும்போது மெழுகுக்குள் பதிந்து, தாயக்கட்டை அளவில் வரும். அதை அவள் மிஷினில் வைத்துச் சீவுவாள். எவ்வளவு மெல்லிசாக என்கிறீர்கள்? ஒரு தலைமுடியை நெடுக்காகப் பதினைந்தாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு. பாலாடை அதற்கு முன்னால் கம்பளி. சீவிய ஏட்டை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விடுவாள். அது சுருக்கம் நீங்கி விரியும்போது கண்ணாடி ஸ்லைடைத் தண்ணீருக்குள் சாய்த்து, அடியிலிருந்து ஏந்தி எடுப்பாள். பிறகு அதற்குச் சாயம் ஏற்றி மாடிக்கு அனுப்புவார்கள். மாடியில் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று எழுதுவார். அங்கே எல்லோரும் என் நாத்தனாரை "மைக்ரான் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். நாலு மைக்ரான் என்றால் நாலுதான், நாலரை இருந்தால் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய ஏட்டை எடுத்து முடித்ததும், அடுத்தவருடையதை மிதக்கவிடுவதற்கு முன்னால், ஒரு டிஷ்யூ பேப்பரைத் தண்ணீரின் மேல் படுக்கவைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுக்க வேண்டும். "தண்ணிக்கு முகம் துடைக்கிறது" என்பார்கள். துடைக்காவிட்டால், முதல் ஆளின் சதையில் உதிர்ந்த ஒரு பொடி தண்ணீரிலேயே கிடந்து, அடுத்த ஆளின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்புக்குத் தெரியும், ஆனால் அது யாருடையது என்று மைக்ராஸ்கோப்புக்குச் சொல்லத் தெரியாது.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் முகம் துடைக்க மறந்ததே இல்லை. அவளே சொல்லுவாள், மற்றவர்களும் சொல்லுவார்கள். தினமும் காலையில் மிஷின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடுவாள். "இந்தக் கையை நீ பாத்துக்கோ" என்பதுதான் வேண்டுதல். டாக்டரம்மாவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. "கத்தி மாத்தினீங்களா அக்கா? வேண்டிக்கிட்டேன்னு சொன்னா போதாது" என்று கிண்டல் செய்வார். "ரெண்டும் ஆச்சு டாக்டர். உங்களுக்கும் சேர்த்தே வேண்டிக்கிட்டேன்" என்பாள் இவள். பதினோரு வருடமாக இருவருக்கும் இதே வழக்குதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர், அதாவது அந்தப் பகுதிக்கே தலைவர், அவளை நடு வேலையில் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து நீதான் மேற்பார்வையாளர் என்று சொல்லியிருக்கிறார். பதினாறு பேருக்கும் மேலே ஒரு நாற்காலி! சாயங்காலம் அவள் வந்து சொன்னதும் நான் அரைமணி நேரத்தில் தெருவில் பாதிப்பேருக்குச் சொல்லிவிட்டேன். மீதிப்பேர் வீட்டில் இல்லை.

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள்தான். மூன்று மணிக்குள் வந்துவிடுவாள். அன்று நாலரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னடி, பஸ் கிடைக்கலையா?"

"மூணு பஸ்ஸை விட்டுட்டேன் அண்ணி."

பேருந்து நிலையத்தில் பஸ் புறப்படும் நேரத்தையும் ஊரையும் மைக்கில் சொல்லுவாரே, அவரை எங்கள் பக்கத்தில் மைக்காரர் என்பார்கள். கணீரென்ற குரல். அவர் சொல்லிக் கேட்டு எத்தனையோ முறை ஓடிப்போய் பஸ் பிடித்திருக்கிறேன். அன்று அந்தக் குரல் கேட்கவில்லையாம். டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டிருக்கிறாள். "தொண்டையில புத்துநோயாம்மா. வர்ற புதன்கிழமை ஆபரேஷன். குரல்வளையில பாதியை எடுக்கறாங்களாம். அப்புறம் காத்துதான் வருமாம், குரல் வராதாம்" என்று சொல்லியிருக்கிறார்.

"அந்தத் தொண்டைத் துணுக்கு என் மேசைக்குத்தான் வந்துச்சு. சீட்டுல தொழில்ங்கற இடத்துல அறிவிப்பாளர்னு போட்டிருந்தது," என்றாள். "செவ்வாய்க்கிழமை. அதுக்கு முன்னாடி வெட்டினது ஒருத்தரோட நாக்கு. அது நிச்சயமா புத்துநோய், முத்தினது. நாக்கை முடிச்சேன், பெரிய டாக்டர் கூப்பிட்டு விட்டார், போனேன், சேதி கேட்டேன், திரும்பி வந்து தொண்டையை வெட்டினேன்."

"சரி."

"நடுவுல தண்ணிக்கு முகம் துடைச்சேனா அண்ணி?"

என்னிடம் கேட்டால் எனக்கு என்ன தெரியும்! அவள் முகத்தைப் பார்த்ததும் வாய்க்கு வந்த கேலியை விழுங்கிவிட்டேன்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். ஆயுள் முழுக்க லாரி பிரேக் பழுதுபார்த்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "துடைச்சிருப்பே. இருபத்திரண்டு வருஷமா துடைக்கிறவ அன்னைக்கு மட்டும் விட்டுருவியா?" என்றார்.

"அன்னைக்கு மட்டுந்தானே அண்ணா எனக்கு நாற்காலி கிடைச்சது. தரையில கால் பாவாமத்தான் திரும்பி வந்தேன்."

"சரி, துடைக்கலைன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. பாப்பா, நான் கோவத்துல சொல்லலை. நீ துடைச்சிருந்தா அந்தாளுக்கு நோய் இருக்கு. நீ போய்க் குழப்பிவிட்டு, ஆபரேஷன் தள்ளிப்போய், அது முத்திருச்சுன்னா? அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பே? தெரியாத விஷயத்தை எதுக்குச் சொல்லணும்?"

அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான், பிள்ளைகளே.  அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சமையலறையில் ஓர் அகலமான பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி மேசையில் வைத்தாள். பக்கத்தில் டிஷ்யூ பேப்பர் பெட்டி. மெழுகுவத்தியிலிருந்து நகத்தால் சீவிய செதில்கள். பழைய போட்டோ ஒன்றின் கண்ணாடியைக் கழற்றி வந்திருந்தாள்.

"அண்ணி, நீங்கதான் பெரிய டாக்டர். அந்தக் கதவுகிட்ட நின்னு கூப்பிடுங்க. அன்னைக்கு நடந்த மாதிரியே செஞ்சு பாக்கறேன், ஞாபகம் வருதான்னு."

நான் என் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, பெரிய டாக்டர் மாதிரி தொண்டையைக் கனைத்து, "இங்கே வாம்மா" என்றேன். எழுந்து வந்தாள். "நீதான் மேற்பார்வையாளர்" என்றேன். சிரித்தாள். அன்றும் இப்படித்தான் சிரித்திருப்பாள் பாவம். திரும்பிப் போய் உட்கார்ந்து, செதிலை மிதக்கவிட்டு, கண்ணாடியால் ஏந்தினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இப்ப துடைச்சேனா?"

"துடைச்சியே! நான் பாத்தேனே."

"எனக்குத் தெரியலை அண்ணி."

பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஈரக் காகிதம் சுருண்டு கிடந்தது. அவள் கைதான் எடுத்து, இழுத்து, போட்டிருக்கிறது. ஆறுமுறை செய்து பார்த்தாள். ஐந்துமுறை கை தானாகவே துடைத்தது. ஆறாவதுமுறை நான் சும்மா இல்லாமல், "சம்பளம் எவ்வளவு ஏறும் டாக்டர்?" என்று பெரிய டாக்டரிடம் கேட்பது போல நானே கேட்டு நானே சிரித்தேன். அந்தமுறை கை துடைக்கவில்லை. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் சொன்னேன்.

கண்ணாடியைக் கீழே வைத்தாள். 

"என் கையையே எனக்குத் தெரியலை. இந்தக் கையை வெச்சுத்தான் இத்தனை பேருக்கு நிச்சயமா சொல்லியிருக்கோம்," என்றாள். பிறகு கூடத்துக்குப் போய் அண்ணன் முன்னால் நின்றாள். "அண்ணா, தெரியாததை எதுக்குச் சொல்லணும்னு கேட்டீங்க. டாக்டரம்மா என் ஸ்லைடை நம்பி எழுதினாங்க. சர்ஜன் அவங்க எழுத்தை நம்பிக் கத்தி எடுக்கறார். மைக்காரர் எல்லாரையும் நம்பிப் படுக்கப்போறார். எனக்கு மட்டும்தான் சந்தேகம் இருக்கு, அது யார் கையில இருக்கற காகிதத்துலயும் இல்லை. ஆபரேஷனைத் தள்ளலாமா கூடாதான்னு முடிவு பண்ண வேண்டியவங்களுக்கு இது தெரிய வேண்டாமா?"

"நாற்காலி போயிரும் பாப்பா."

"போகட்டும். அதுல உட்கார்ந்தா தினமும் தொண்டை வலிக்கும்."

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அது தலைகீழாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாராம். திட்டவில்லை. "பிளாக்கை எடுங்க" என்றாராம். மெழுகில் மிச்சமிருந்த சதையை இன்னும் ஆழமாக வெட்டிப் பார்த்தார்கள். தொண்டையிலிருந்து எடுத்ததே கடுகளவில் மூன்று துணுக்கு. மிச்சம் எவ்வளவு இருக்கும்? அதில் நோய் தெரியவில்லை. "அக்கா, இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நோய் இருந்த துணுக்கு முதல் ஏட்டுலயே தீர்ந்து போயிருக்கலாம். நாக்கும் தொண்டையும் மைக்ராஸ்கோப்புல ஒரே மாதிரிதான் இருக்கும். எது யாரோடதுன்னு இங்கே உட்கார்ந்து கண்டுபிடிக்க வழி கிடையாது," என்றிருக்கிறார்.

பிறகு சர்ஜனுக்குப் போன். அவர் கத்தியது அடுத்த மேசைக்கே கேட்டதாம். "இருக்கா, இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லுங்க!" டாக்டரம்மா ஒரே வார்த்தையில்தான் சொன்னார்: "தெரியாது." அப்புறம் நிதானமாக, "பத்துநாள் தள்ளினா அவருக்கு ஆபத்து இல்லைன்னு உங்களுக்கே தெரியும். குரல்வளையை எடுத்துட்டா திருப்பி வைக்க முடியாதுன்னும் தெரியும். புதன்கிழமை ஆபரேஷன் பண்ணாதீங்க, மறுபடி துணுக்கு எடுங்க" என்றார். சர்ஜன் படக்கென்று போனை வைத்துவிட்டார். ஆனால் புதன்கிழமை துணுக்குதான் எடுத்தார். அதற்காக அவரையும் நான் பாராட்டுவேன்.

வெள்ளிக்கிழமை முடிவு. அன்று நானும் அவளோடு போனேன். போகவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்? மாடி வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. பினாயில் வாசனை. அவள் என் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"என் தப்பா இருக்கட்டும். என் தப்பா இருக்கட்டும்."

 யோசித்துப் பாருங்கள். மைக்காரருக்கு நோய் இருந்தால் இவள் கை சுத்தம், இருபத்திரண்டு வருடப் பெயர் சுத்தம், நாற்காலியும் போகாது. அவருக்கு நோய் இல்லையென்றால் இவள்தான் பிழை செய்தவள். கடவுளிடம் உட்கார்ந்து, என்னைக் காப்பாற்று என்று கேட்பவர்களைத்தான் நான் இதுவரை பார்த்திருக்கிறேன். என்னையே மாட்டிவிடு என்று கேட்டவளை அன்றுதான் பார்த்தேன். அவள் என் வீட்டில் வளர்ந்தவள்.

டாக்டரம்மா காபி டம்ளரோடு அந்தப் பக்கம் வந்தார். ஸ்லைடு இன்னும் சாயத்தில் இருந்தது. அவரும் கேட்டுவிட்டார்.

"அக்கா, அவர் தொண்டையில இருக்கறது முன்னமே இருக்கு, இல்லாதது முன்னமே இல்லை. நேத்து முடிஞ்ச விஷயத்துக்கு இன்னைக்கு வேண்டிக்கிட்டா எப்படி?"

இவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "நேத்து, இன்னைக்கு எல்லாம் உங்களுக்கும் எனக்கும் டாக்டர். சாமிக்குமா இருக்கப்போகுது?"

"அது சரி, அவரைப் பத்தி மட்டும் உங்களுக்கு இவ்வளவு நிச்சயமா தெரியுதே. உங்க கையைப் பத்தித் தெரியலை."

"அவரைப் பத்தியும் தெரியாது. கேட்டுத்தானே பாக்கறேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். காபியை என் கையில் கொடுத்து, "நீங்க குடிங்கம்மா, எனக்கு இறங்காது" என்று உள்ளே போனார். 

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. நாலு துணுக்கு, இருபத்துநாலு ஏடு. ஒவ்வொன்றையும் அவர் இரண்டுமுறை பார்த்து, இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுத் தன் முடிவைச் சொல்லாமலே காட்டி, அவரையும் தனியாக எழுதவைத்திருக்கிறார்.

"நோய் இல்லை அக்கா. நாள்பட்ட வீக்கம்தான். கத்திக் கத்தி வந்தது."

என் நாத்தனார் எழுந்து நின்றாள். சிரித்தாள், கண்ணில் நீர் கொட்டியது, இரண்டையும் சேர்த்துச் செய்தாள். "அப்ப என் தப்புதான்," என்றாள். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை சொல்வது போலச் சொன்னாள்.

அடுத்த வாரம் விசாரணை. பெரிய டாக்டர் நல்லவர்தான், சிக்கலைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தார். "ஒண்ணும் இல்லைம்மா, தண்ணீரைத் துடைக்க மறந்துவிட்டேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துருங்க. ஃபைலை மூடிடலாம்."

"அப்படி எழுத முடியாதுங்க."

"ஏன்? நீங்கதானே வந்து சொன்னீங்க?"

"மறந்தேன்னு சொல்லலை. துடைச்சேனான்னு தெரியலைன்னு சொன்னேன். துடைச்சும், ஏட்டை நகர்த்தற பிரஷ்ல ஒட்டி வந்திருக்கலாம். கத்தியில ஒட்டி வந்திருக்கலாம். என் மேசையில நடந்தது, அதனால பொறுப்பு என்னுது. என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறேன். ஆனா எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுத மாட்டேன். அப்படி எழுதினா, எல்லாரும் முகம் துடைக்கறதை மட்டும் பாத்துட்டு, பிரஷ்ஷைப் பாக்காம விட்டுருவாங்க."

மூன்றுமுறை கேட்டாராம், மூன்றுமுறையும் இதுதான் பதில். கடைசியில் அவள் எழுதிக் கொடுத்ததன் நகல் என்னிடம் இருக்கிறது. "அன்று நான் தண்ணீரைத் துடைத்தேனா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பிழை என் மேசையில் நடந்தது. அதற்கு நான் பொறுப்பு." இவ்வளவுதான். கையெழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தும் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. டாக்டரம்மா பேனாவை வாங்கி, "நோய் இருந்த பொடி மற்றதோடு சேராமல் தனியே ஒதுங்கிக் கிடந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் புற்றுநோய் 'உறுதியாக' இருக்கிறது என்று எழுதினேன். அந்தச் சொல்லுக்கு நான் பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்தாராம். சாமி கும்பிடாத அம்மா. நான் அவரையும் என் கணக்கில் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் நானே சொன்னேன். "தப்புப் பண்ணிட்டாளாமே?" என்று இழுத்தவளிடம், "ஆமாம். உன் வீட்டுல யாராவது பண்ணினதைச் சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டேன். அதற்குமேல் அவள் இழுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மைக்காரரும் அவர் மனைவியும் ஒரு பை ஆரஞ்சோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று வாரம் பேசக்கூடாது என்று சொல்லியிருந்த காலம் முடிந்திருந்தது. எங்கள் கூடம் அவர் குரலுக்குச் சிறியது. என் வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலப் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

அந்த மனைவி என் நாத்தனாரின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள். இவள் கையை இழுத்துக்கொண்டாள். "இந்தக் கைதாம்மா உங்க வீட்டுல பத்துநாள் தூக்கத்தைக் கெடுத்தது. திட்டிட்டுப் போங்க."

"திட்டத்தான் வந்தேன். படியேறும்போது மறந்துபோச்சு," என்றாள் அந்த மனைவி.

எல்லோரும் சிரித்தோம். மைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஆரஞ்சுப் பையை மடியில் வைத்து அதன் காதை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"இனிமே எனக்கு அது வராதுல்ல? டாக்டருங்க எல்லாரும் 'கவலைப்படாதீங்க, ஒண்ணும் வராது'ங்கறாங்க. முன்னாடி 'உறுதியா இருக்கு'ன்னு சொன்னதும் அவங்கதான். நீங்க சொல்லுங்க."

நான் அவளைப் பார்த்தேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடேண்டி என்று மனதுக்குள் கெஞ்சினேன். அந்த மனிதர் அதற்காகத்தானே வந்திருக்கிறார்.

"தெரியாதுங்க," என்றாள். "இப்ப இல்லை. அது வரைக்கும் பாத்தாச்சு. வருமா வராதான்னு எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. மூணு மாசத்துக்கு ஒருதடவை வந்து காட்டுங்க. எடுக்கற துணுக்கை நானே வெட்டறேன். உங்களுக்காக வேண்டிக்கவும் செய்யறேன், வேண்டாம்னா விட்டுடறேன்."

அவர் பையின் காதை விட்டார். தோள் இரண்டும் மெதுவாகக் கீழே இறங்கின. ஒரு மாதமாகத் தூக்கிப் பிடித்திருந்திருப்பார் போல.

"அப்ப சரிம்மா," என்றார். "மூணு மாசம் கழிச்சு வர்றேன். வேண்டிக்கறதையும் விட்டுறாதீங்க."

மனைவி பையிலிருந்து ஆரஞ்சுகளை எடுத்து மேசையில் வைத்தாள். என் நாத்தனார் ஒன்றை எடுத்து, தோலைக் கிழியாமல் ஒரே சுருளாக உரித்து, முதல் சுளையை அவருக்குக் கொடுத்தாள்.